புதிதாக ஒன்றைக் கற்று மூளையைக் கூர்மையாக வைத்திருத்தல்: படிப்படியான முழு வழிகாட்டி

வயது வந்த பிறகு புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாக இடறுகிறார்கள். முதலில் கருவிகளை வாங்குகிறார்கள். பிறகு காணொளிகளைப் பார்க்கிறார்கள். பார்க்கும்போது எல்லாம் புரிவதால் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்றே நம்புகிறார்கள். ஒரு மாதம் கழித்துத் தனியாகச் செய்து பார்க்கும்போது எதுவும் வராமல் போகவே, ‘இந்த வயதில் இனி மண்டையில் ஏறாது’ என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் சேர்ந்து கற்கும் குழுக்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பின்னரே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அவர்களில் பலரைக் கவிழ்த்தது வயதைக் காட்டிலும் படிகளின் வரிசைதான்.

எதிர்பார்ப்பை முதலிலேயே அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. கற்றல் மறதிநோயைத் தடுத்துவிடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கவனித்தல், நினைவில் வைத்தல், பழகாத சூழலில் தடுமாறாமல் யோசித்தல் ஆகிய திறன்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுப்பதே இங்கு நோக்கம். எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் கொரிய எழுத்துகளையும் சில இடங்களில் கீபோர்டு வாசிப்பையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதைக் கற்பவருக்கும் படிகள் இவையேதான்.

1. தொடங்குமுன்: கண், காது, தூக்கம்

பாடத்தைத் தேடுவதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மறதிநோய்க்கான, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளை 2024ஆம் ஆண்டில் பட்டியலிட்ட, ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம், கேட்கும் திறன் குறைவதையும் சரிசெய்யப்படாத பார்வைக் குறையையும் அப்பட்டியலில் வைத்திருக்கிறது. கற்பவருக்கு இதில் நேரடியான காரணம் ஒன்றும் உண்டு: ஓர் ஒலி காதில் சரியாக விழாதபோது அதை மூளை பதிவு செய்யவே வாய்ப்பில்லை, ஆனால் பழி நினைவாற்றலின் மேல் விழுகிறது.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்புக்கு நேரம் ஒதுக்குவது வீண் வேலை. படித்துவிட்டு உறங்கியவர்கள், அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறக்கிறார்கள் என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகிய இருவரும் 1924லேயே காட்டிவிட்டார்கள்.

பழகிய வழி தெரியாமல் போவது, அன்றாடக் கணக்கு வழக்குகள் திடீரெனக் குழம்புவது போன்றவை இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

2. எதைக் கற்பது என்று தேர்ந்தெடுத்தல்

தவறுகள் அதிகம் நிகழ்வது இந்தப் படியில்தான்; ஆகவே இதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தகும்.

எடுத்துக்கொள்ளும் பொருளுக்கு மூன்று பண்புகள் இருக்க வேண்டும். முதலாவது, அது உங்களுக்கு உண்மையிலேயே புதிதாக இருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர் எண் புதிர்களை எடுப்பதும், நன்றாகத் தைக்கத் தெரிந்தவர் இன்னொரு வகைத் தையலை எடுப்பதும் இனிமையான பொழுதுபோக்குதான். ஆனால் அங்கே கை தானாகவே நகர்கிறது, யோசிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. இரண்டாவது, ஏறிக்கொண்டே போகும் படிகள் அதற்கு இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் முடிந்துவிடுவது உதவாது. மூன்றாவது, தவறு செய்தால் அது தவறு என்பது பிறர் சொல்லாமலே தெரிய வேண்டும். தவறான சுரம் காதில் உறுத்தும். தவறாக எழுதிய நிரல் இயங்காது. தவறாகப் படித்த சொல்லை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ‘பொது அறிவை வளர்த்தல்’ என்ற இலக்கு கவர்ச்சியாகத் தோன்றினாலும் மூன்றாம் பண்பில் தோற்றுவிடுகிறது.

புதிதாகவும் கடினமாகவும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு ஆதாரம் உண்டு. டெனிஸ் பார்க்கும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 60 முதல் 90 வயது வரையிலானவர்களில் சிலர் டிஜிட்டல் ஒளிப்படக் கலையையோ, துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் கில்டிங் வேலையையோ, இரண்டையுமோ வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் வீதம் மூன்று மாதம் கற்றார்கள். வேறு சிலர் அதே அளவு நேரம் கூடிப் பேசிப் பொழுதுபோக்கினார்கள். இன்னும் சிலர் வீட்டிலேயே குறுக்கெழுத்து, இசை கேட்டல் போன்ற பழகிய செயல்களில் ஈடுபட்டார்கள். கடினமான புதிய திறனைக் கற்றவர்களுக்கே நிகழ்வுகளை நினைவில் வைக்கும் திறன் தெளிவாக மேம்பட்டது.

மூளைப் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். முதியோர் 2,802 பேரைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான ‘ஆக்டிவ்’ ஆய்வில், நினைவுப் பயிற்சி பெற்றவர்களுக்கு நினைவுச் சோதனையிலும், வேகப் பயிற்சி பெற்றவர்களுக்கு வேகச் சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது; ஒன்றில் பெற்ற பயன் மற்றொன்றுக்குத் தாவவில்லை. விளையாட்டில் மதிப்பெண் கூடுவது அந்த விளையாட்டில் தேர்ச்சி கூடுவதையே காட்டுகிறது. அந்த உழைப்பைப் பயனுள்ள ஒரு திறனில் போட்டால் குறைந்தது அந்தத் திறனாவது கையில் மிஞ்சும் என்பது என் கருத்து.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்றைத் தொடங்காதீர்கள். முதல் மூன்று மாதம் ஒன்றே போதும். எல்லாவற்றிலும் தொடக்கநிலைத் திணறலே மிஞ்சினால் எதையும் தொடர மனம் வராது.

3. விருப்பத்தைச் செயலாக மாற்றுதல்

‘கொரிய மொழி கற்க வேண்டும்’ என்பது விருப்பம். ‘மூன்று மாத முடிவில், முன்பின் பாராத ஐம்பது கொரியச் சொற்களை எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பேன்’ என்பது செயல். ஒரு தாளில் இரண்டாவது வகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள். அதைச் செய்துவிட்டீர்களா இல்லையா என்று அறிமுகமில்லாத ஒருவராலும் சொல்ல முடிய வேண்டும்.

இதற்குக் காரணம், எதைப் படிக்க வேண்டும் என்பதைவிட எதைப் படிக்கத் தேவையில்லை என்பதை அந்த வாக்கியம்தான் முடிவு செய்கிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பதே இலக்கு என்றால் இலக்கண நூலை இப்போது திறக்க வேண்டியதில்லை.

4. நேரம், இடம், கருவி

நாளுக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்பது தொடக்கத்துக்குப் போதுமானது. மேலே சொன்ன டெனிஸ் பார்க்கின் ஆய்வில் செலவிட்ட நேரம் இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்றவர்களும் நேரம் உள்ளவர்களும் இரண்டாம் மாதத்திலிருந்து நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே மூன்று மணி நேரம் உட்காருபவர்கள் இரண்டாம் வாரத்தில் காணாமல் போகிறார்கள்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு செயலுக்குப் பின்னால் வையுங்கள்: காலையில் பல் துலக்கிய பின், மாலை நடை முடிந்த பின் என்பது போல. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பேச்சை நம்பி 22ஆம் நாளில் மனம் தளர வேண்டாம். பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் அன்றாடப் பழக்கங்களைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆட்களைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

கருவிகளில் ஒரு பாடநூல் அல்லது ஒரு பாடத்தொடர், ஒரு நோட்டு, வெற்று அட்டைகள், ஒரு பெட்டி ஆகியவை போதும். இரண்டாவது பாடநூலை வாங்குவது பல நேரங்களில் முதல் நூலின் கடினமான அத்தியாயத்திலிருந்து தப்பிக்கும் வழியாகவே அமைகிறது. கீபோர்டு போன்ற கருவியை உறையில் போட்டு அலமாரியில் வைக்காமல், உட்கார்ந்தவுடன் கைக்கு எட்டும்படி வையுங்கள். எடுத்து வைக்க ஐந்து நிமிடம் ஆகும் கருவி, சோர்வான நாளில் எடுக்கப்படுவதே இல்லை.

5. சிறு துண்டுகளாகப் பிரித்தல்

மனத்தில் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக் கையாளக்கூடியவை ஏறத்தாழ நான்கு துண்டுகளே என்று நெல்சன் கோவன் 2001இல் மதிப்பிட்டார். ஆகவே ஓர் அமர்வில் புதியவை நான்கைந்துக்கு மேல் வேண்டாம். கொரிய எழுத்தில் அடிப்படை மெய்கள் 14, அடிப்படை உயிர்கள் 10. இந்த 24ஐயும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம், ஆனால் மறுநாள் அவை ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். நாளுக்கு நான்கு எழுத்து எடுத்து, அந்த நான்கைக் கொண்டே அசைகளைச் சேர்த்து எழுதிப் பழகினால் ஆறேழு அமர்வுகளில் முழுத் தொகுதியும் கையில் இருக்கும்.

ஏற்கெனவே தெரிந்ததோடு புதியதை இணைத்துவிட்டால் ஒரு துண்டின் சுமை குறைகிறது. கொரியத்தின் சில மெய்யெழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் ஓர் ஒலியும் இரு உயிர்களுக்கு இடையே வேறோர் ஒலியும் பெறுகின்றன. இந்த விதியைப் பிற மொழியினர் தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். வல்லின எழுத்துகள் இடத்துக்கேற்ப ஒலி மாறும் மொழியில் பிறந்த நமக்கு அது பாதி தெரிந்த செய்தி. எதைக் கற்றாலும் இப்படிப்பட்ட பிடிமானம் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

6. மூடிவைத்து நினைவுகூர்தல்

இந்த வழிகாட்டியிலிருந்து ஒரு படியை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். படித்த பகுதியைத் திரும்பப் படிக்காமல், புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும்.

செய்முறை இதுதான். பத்து நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். இசையானால் தாளைப் பார்க்காமல் வாசியுங்கள். வராதபோது உடனே திரும்பிப் பார்க்காமல் அரை நிமிடமாவது தேடுங்கள். பிறகே திறந்து, விட்டுப்போனதையும் தவறியதையும் வேறு நிற மையால் திருத்துங்கள். திருத்தாமல் விடக்கூடாது, விட்டால் தவறே படிந்துவிடும்.

ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதன் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. ஓர் உரைப்பகுதியை மாணவர்களில் ஒரு பிரிவினர் இருமுறை படித்தார்கள்; மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும், இருமுறை படித்தவர்கள் 42 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தார்கள்.

புதியவர்களை ஏமாற்றுவது அந்த முதல் ஐந்து நிமிடம்தான். திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகியவையாக இருப்பதால் தெரிந்துவிட்டது என்ற உணர்வு எழுகிறது; மூடிவைத்துத் தேடும்போது திணறல் வருவதால் கற்கவே இல்லை என்ற உணர்வு எழுகிறது. இரண்டு உணர்வுகளும் தவறு. திணறுகிறவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை முதல் மாதத்தில் வெறும் நம்பிக்கையின் பேரில்தான் ஏற்க வேண்டியிருக்கும், அதன் பிறகு பலன் தானாகத் தெரியும்.

இங்கு வழக்கமாக நேரும் பிழைகள் சில. வரிக்கு வரி மஞ்சள் மை பூசுவது முதலாவது. பத்துக் கற்றல் முறைகளை ஒப்பிட்டு டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அடிக்கோடிடுதலும் திரும்பப் படித்தலும் பயன் குறைந்தவை என்ற வரிசையில் வந்தன, தன்னைத்தானே சோதித்தலும் இடைவெளி விட்டுப் படித்தலும் பயன் மிகுந்தவை என்ற வரிசையில் வந்தன. நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டும் செயலியோடு நின்றுவிடுவது இரண்டாவது. விடையைப் பார்த்து அடையாளம் காண்பதும் விடையை வெறுமையிலிருந்து வரவழைப்பதும் வெவ்வேறு வேலைகள். தொடர்ந்து வந்த நாள்களின் எண்ணிக்கை கெட்டுவிடக் கூடாதென்று நள்ளிரவில் மிக எளிய பாடத்தைத் தட்டி முடிப்பவர்களும் உண்டு. அந்த எண்ணிக்கைக்கும் கற்றலுக்கும் தொடர்பில்லை.

7. இடைவெளி விடுதல்

நினைவுகூர்தலை எப்போது திரும்பச் செய்வது என்பது அடுத்த கேள்வி. மறக்கத் தொடங்கும் வேளையில் தேடி எடுக்கும்போதுதான் நினைவு வலுப்பெறுகிறது. சற்றுமுன் பார்த்ததையே மீண்டும் பார்ப்பதில் உழைப்பு இல்லை.

எவ்வளவு இடைவெளி என்பது எவ்வளவு காலம் நினைவில் இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. செப்பெடாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு நாள் இடைவெளியும், 350 நாள் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களுக்குச் சுமார் 21 நாள் இடைவெளியும் சிறந்த பலனைத் தந்தன.

இதை அன்றாடத்தில் செயல்படுத்த, செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை எளிது. ஒரு பெட்டியை ஐந்து அறைகளாகப் பிரியுங்கள். புதிய அட்டைகள் முதல் அறையில் இருக்கும்; அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறிய அட்டை எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். இரண்டாம் அறையை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாம் அறையை வாரம் ஒருமுறை, நான்காம் அறையை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் அறையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

அட்டை எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். ஓர் அட்டையில் ஒரு கேள்வி, ஒரு விடை. ‘எல்லா உயிரெழுத்துகளையும் சொல்’ என்ற அட்டையில் ஒன்பது சரியாகி ஒன்று தவறினால் அதைச் சரியென்று கொள்வதா தவறென்று கொள்வதா என்று தெரியாது. அட்டைகளை உங்கள் கையாலேயே, உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். பிறர் செய்து வைத்த தொகுப்பில் எது உங்களுக்குக் கடினம் என்பது அவருக்குத் தெரியாது. நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் புதிய அட்டைகள் சேர்ந்தால் மூன்றாம் வாரத்தில் பழையவற்றின் குவியல் அரை மணி நேரத்தை விழுங்கிவிடும். அப்போது புதியதை நிறுத்திவிட்டுப் பழையதை முடியுங்கள்.

8. கலந்து பயிலுதல்

அடிப்படை வந்த பிறகே இந்தப் படிக்கு வாருங்கள். ஒரே வகையை இருபது முறை செய்து அடுத்த வகைக்குப் போவதற்குப் பதிலாக, மூன்று நான்கு வகைகளைக் கலைத்துப் பயிலுங்கள். ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கன அளவுக் கணக்குகளை வகைவாரியாகச் செய்த மாணவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடும், கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட, பின்னவர்கள் 63 விழுக்காட்டில் நின்றார்கள்.

காரணம் எளிது: கலந்து வரும்போது எந்த முறையைப் பயன்படுத்துவது என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கீபோர்டில் ஒரே ஸ்கேலை, அதாவது ஒரே சுர வரிசையை, இருபது முறை வாசித்தபின் இருபத்தோராவது முறை விரல் மட்டுமே வேலை செய்கிறது.

9. தவறுகளுக்கு ஒரு நோட்டு

அமர்வு முடிந்ததும் அன்றைய தவறுகளில் இரண்டை மட்டும் தேதியோடு எழுதுங்கள். கூடவே எதனால் தவறியது என்று ஒரு வரி சேருங்கள். ‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள், அந்தச் சொல் எதையும் விளக்காது. ‘நேர்க்கோட்டின் வலப்புறம் சிறுகோடு உள்ள உயிரையும் இடப்புறம் உள்ளதையும் மாற்றிப் படிக்கிறேன்’ என்று எழுதினால் நாளைய பயிற்சி எதுவென்று அதிலேயே தெரிந்துவிடும்: அந்த இரண்டு உயிர்கள் வரும் சொற்களை மட்டும் மாறி மாறிப் படிக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை நோட்டைப் புரட்டினால், பத்துத் தவறுகள் என்று தோன்றியவை இரண்டு மூன்று வேர்களிலிருந்து வந்தவை என்பது பெரும்பாலும் வெளிப்படும்.

10. தேக்கம் வரும்போது

இரண்டாம், மூன்றாம் மாதங்களில் முன்னேற்றம் நின்றுபோனதாகத் தோன்றும். தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் புதிய ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது நடப்பது வேகமும் துல்லியமும் கூடுவது மட்டுமே என்பதால் அது தினசரிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே உங்கள் வாசிப்பை ஒலிப்பதிவு செய்து வையுங்கள். மாதந்தோறும் அதே பகுதியைப் பதிவு செய்து பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

பதிவுகளில் உண்மையிலேயே வேறுபாடு இல்லையென்றால் மூன்றில் ஒன்றை மாற்றுங்கள்: பாதி வேகத்தில் செய்யுங்கள்; அல்லது சற்றே கடினமான பகுதிக்குப் போங்கள்; அல்லது அறிந்தவர் ஒருவரிடம் பதினைந்து நிமிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். பலர் இந்த இடத்தில் பாடத்தையே மாற்றிவிடுகிறார்கள், புதிய பாடத்தின் முதல் மாதம் எப்போதும் இனிமையாக இருப்பதால் அதை முன்னேற்றம் என்று எண்ணிக்கொண்டு.

11. அடுத்ததற்கு மாறுவதும் பழையதைக் காப்பதும்

மூன்றாம் படியில் எழுதிய வாக்கியத்தை, பார்க்காமல், ஒரு வார இடைவெளியில் இருமுறை செய்துகாட்ட முடிந்தால் அந்தக் கட்டம் முடிந்தது. அதே துறையில் அடுத்த வாக்கியத்தை எழுதுவதா, வேறு துறைக்குப் போவதா என்பது உங்கள் விருப்பம். எனக்குத் தெரிந்தவரை, ஒரே துறையில் இரண்டாம் கட்டத்துக்குப் போவதில்தான் சிந்தனைக்கு அதிக வேலை இருக்கிறது. கொரிய எழுத்தை முடித்து நிறுத்துவதைவிட அந்த எழுத்தால் எழுதிய வாக்கியங்களுக்குள் போவது கடினம்.

விட்டால் தேய்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகியவர்களின் மூளையில் சில பகுதிகள் சற்று விரிவடைந்ததையும், பயிற்சியை நிறுத்திய மூன்று மாதத்தில் அந்த விரிவு குறைந்ததையும் போக்டான் டிராகன்ஸ்கியின் குழு 2004இல் படம்பிடித்துக் காட்டியது.

ஆகவே பழைய அட்டைப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அதிலிருந்து இருபது அட்டைகளை உருவி எடுத்துச் சோதித்துப் பாருங்கள். பதினைந்துக்கு மேல் சரியானால் அடுத்த மாதம் வரை கவலையில்லை. பத்துக்குக் கீழே போனால், புதிய பாடத்தில் புதிய அட்டைகள் சேர்ப்பதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் தவறிய அட்டைகளை முதல் அறையிலிருந்து மீண்டும் நகர்த்தி வாருங்கள்.